நம் கணக்கு எங்கே இருக்கிறது?

(தொடர்கல்வி மையக் கூட்டம் ஒன்றில், புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்கள் முன் ஆற்றிய உரை)





இன்று நாம் பேசப் போவது கைப்பேசியைப் பற்றி. கைப்பேசியில் உள்ள செயலியை அவ்வப்போது புதுப்பிக்கச் சொல்கிறார்கள். 'அப்டேட்' என்கிறார்கள். அப்படிப் புதுப்பிக்கும்போது, அதில் நாம் சேர்த்து வைத்த கணக்கும் படமும் பேச்சும் அழியாமல் இருக்குமா? அழியாமல் பார்த்துக்கொள்வது எப்படி? இதுதான் பொருள்.

"இதற்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-ஆம் ஆண்டு தொடங்கியது. 1991-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கின்படி, ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 100-க்கு 52 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். 2011-இல் அது ஏறத்தாழ 73 ஆனது. இந்த வளர்ச்சிக்குப் பின்னால் உங்களைப் போன்றவர்களின் உழைப்பு இருக்கிறது.

எழுத்து தெரியாத காலத்தில் நம் கணக்கு யாரிடம் இருந்தது? கடன் கொடுத்தவர் நோட்டில் இருந்தது. கூலி கொடுத்தவர் நோட்டில் இருந்தது. அவர் எழுதியதுதான் கணக்கு. "இன்னும் 200 பாக்கி" என்றால் பாக்கிதான். நாம் கைநாட்டு வைத்தோம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும் கூசினோம்.

பிறகு எழுதக் கற்றோம். நம் வரவு செலவை நாமே எழுதினோம். கணக்கு நம் கைக்கு வந்தது.

இப்போது அதே கணக்கு நோட்டிலிருந்து கைப்பேசிக்குப் போயிருக்கிறது. அது அங்கே எந்த இடத்தில் இருக்கிறது, எப்போது நிலைக்கும், எப்போது அழியும் என்று தெரியாவிட்டால், அது மறுபடியும் வேறு யாரோ ஒருவர் கைக்குப் போய்விடும். அதனால்தான் 2022-இல் தொடங்கிய புதிய இந்திய எழுத்தறிவுத் திட்டத்தில், எழுத்தோடும் எண்ணோடும் டிஜிட்டல் அறிவையும் சேர்த்திருக்கிறார்கள். இதுவும் எழுத்தறிவில் ஒரு பகுதிதான்.

செயலி வேறு, பதிவு வேறு

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். கைப்பேசியில் ஒரு செயலியைத் திறக்கிறோம். அதற்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன.

ஒன்று, செயலி. இது வேலை செய்கிற கருவி. இதை ஒரு நிறுவனம் செய்து கொடுத்தது. எல்லோர் கைப்பேசியிலும் இது ஒன்றுபோலவே இருக்கும்.

இன்னொன்று, பதிவு. இது நாம் அதில் போட்டு வைத்தது. நம் பேச்சு, நம் படம், நம் கணக்கு. இது ஒவ்வொருவருக்கும் வேறு வேறு. தொலைந்தால் கடையில் வாங்க முடியாது.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கூரை பழையதாகிவிட்டது. மழை ஒழுகுகிறது. கூரையைப் பிரித்துப் புதிதாக வேய்கிறோம். வீட்டுக்குள் பானை சட்டி இருக்கிறது. நெல் மூட்டை இருக்கிறது. அவை அங்கேயே இருக்கின்றன. கூரை மட்டும் புதிதாகிறது.

புதுப்பித்தல் என்பது இதுதான். கைப்பேசி ஒவ்வொரு செயலிக்கும் ஓர் அறை ஒதுக்கிக் கொடுக்கிறது. நம் பதிவு அந்த அறைக்குள் இருக்கிறது. புதுப்பிக்கும்போது செயலி மட்டும் மாறுகிறது. அறையில் உள்ள பதிவு அப்படியே இருக்கிறது.

இன்னொன்று சொன்னால் உங்கள் பயம் போகும். பல கைப்பேசிகளில் செயலிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்கின்றன. நீங்கள் தூங்கும்போதுகூட இது நடந்திருக்கலாம். காலையில் பார்த்தால் எல்லாம் வழக்கம்போல இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமலே பல தடவை கூரை மாறிவிட்டது!

ஆகவே, முறையாகப் புதுப்பித்தால் பொதுவாகப் பதிவு போகாது. அப்படியானால் எப்போது போகிறது?

பதிவு அழிவது எப்போது?

செயலியை நீக்கும்போது அழிகிறது. இதை 'அன்இன்ஸ்டால்' என்பார்கள். கைப்பேசியைத் தமிழில் வைத்திருந்தால் 'நிறுவல் நீக்கு' என்று இருக்கும். இது கூரை மாற்றுவது அல்ல. வீட்டையே இடிப்பது. அறையும் போகும், அறையில் உள்ள பதிவும் போகும். அதே செயலியை மறுபடி போட்டாலும், கிடைப்பது வெறும் அறைதான். வேறு இடத்தில் நகல் இருந்தால்தான் பதிவு திரும்பும்.

இரண்டாவது, 'கிளியர் டேட்டா' அல்லது 'கிளியர் ஸ்டோரேஜ்' என்ற பொத்தான். கைப்பேசி மெதுவாக ஓடுகிறது என்று யாராவது இதை அழுத்துவார்கள். செயலி இருக்கும். அறையில் இருந்ததெல்லாம் துடைத்துப் போய்விடும். இதன் பக்கத்திலேயே 'கிளியர் கேச்' என்று இன்னொரு பொத்தான் இருக்கும். அது தற்காலிகக் குப்பையை மட்டும் கூட்டித் தள்ளும். அதனால் பதிவு போகாது. இரண்டும் அருகருகே இருப்பதால் கவனம் வேண்டும்.

நடைமுறையில் இந்தத் தவறு எப்படி நேர்கிறது? ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சுயஉதவிக் குழு. பன்னிரண்டு பெண்கள். வாரம் ஆளுக்கு 100 ரூபாய் சேமிப்பு. யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு கடன், எவ்வளவு திரும்பியது, எல்லாம் கணக்கெழுதும் அக்காவின் கைப்பேசியில் ஒரு செயலியில் இருக்கிறது. மூன்று வருடக் கணக்கு. முதலில் நோட்டும் எழுதினார்கள். பிறகு, "கைப்பேசியில்தான் இருக்கிறதே" என்று நோட்டை விட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் செயலி திறக்கவில்லை. "புதுப்பிக்கவும்" என்று கேட்கிறது. புதுப்பிக்கப் போனால், "இடம் போதவில்லை" என்கிறது. அக்கா பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்கிறார். அவன் நல்ல பையன். உதவி செய்ய நினைக்கிறான். "அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும், பெரியம்மா" என்கிறான். அழிக்கிறான். புதிதாகப் போடுகிறான். செயலி பளபளவென்று திறக்கிறது. உள்ளே ஒரு பெயர்கூட இல்லை.

அடுத்த வாரக் கூட்டத்தில் என்ன நடக்கும்? "நான் கடனை அடைத்துவிட்டேன்" என்பார் ஒருவர். "இன்னும் இரண்டு தவணை பாக்கி" என்பார் இன்னொருவர். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் காட்டுவதற்கு எழுத்து இல்லை. பணம் போனால் சேர்த்துக்கொள்ளலாம். பன்னிரண்டு பேருக்குள் நம்பிக்கை போனால் குழு என்ன ஆகும்?

இங்கே பதிவை அழித்தது புதுப்பித்தல் அல்ல. நீக்கியதுதான் அழித்தது. இடம் போதாவிட்டால் பழைய வீடியோக்களை நீக்கலாம். "காலை வணக்கம்" படங்களை நீக்கலாம். கணக்குச் செயலியைத் தொடக் கூடாது.

சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில செயலிகளில், சிக்னல் இல்லாதபோது எழுதியவை கைப்பேசியிலேயே காத்திருக்கும். சிக்னல் வந்த பிறகுதான் மேலே போகும். போவதற்கு முன் செயலியை நீக்கினால், அன்றைய வேலை முழுவதும் போய்விடும். "எல்லாம் அனுப்பியாயிற்றா?" என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

அப்படியானால் புதுப்பிக்காமலே இருக்கலாமா?

இருக்கக் கூடாது. ஒழுகும் கூரையை மாற்றாமல் விட்டால் நெல் நனையும்.

2019-ஆம் ஆண்டு மே மாதம் வாட்ஸ்அப் செயலியில் ஓர் ஓட்டை இருப்பது தெரியவந்தது. ஓர் அழைப்பு வரும். அதை எடுக்காவிட்டாலும்கூட, அதன் வழியாக உளவு பார்க்கும் மென்பொருள் கைப்பேசிக்குள் நுழைய முடிந்தது. வாட்ஸ்அப் நிறுவனம் அந்த ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பை வெளியிட்டது. எல்லோரும் புதுப்பிக்கும்படி கேட்டுக்கொண்டது. நம் நாட்டிலும் பத்திரிகையாளர்கள் உட்படச் சிலரை இதன் மூலம் குறிவைத்தார்கள் என்பது அதே ஆண்டு அக்டோபரில் வெளியே வந்தது. புதிய பதிப்பைப் போட்டுக்கொண்டவர்களுக்கு அந்த வழி அடைபட்டது.

பழைய பதிப்பு ஒரு நாள் வேலை செய்யாமலும் போகலாம். மிகப் பழைய கைப்பேசிகளுக்குச் செயலி நிறுவனங்கள் ஆதரவை நிறுத்திவிடுகின்றன. 2025 ஜனவரியில், ஆண்ட்ராய்டு 4.4 என்ற பழைய அமைப்பில் ஓடிய கைப்பேசிகளுக்கு வாட்ஸ்அப் ஆதரவை நிறுத்தியது. நின்ற பிறகு ஓடுவதைவிட, முன்னதாகவே நகல் எடுத்து வைப்பது நல்லது.

முத்திரை பார்த்து வாங்குங்கள்

புதுப்பித்தலில் ஒரு காவல் இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது.

செயலியைச் செய்தவர் அதன்மேல் ஒரு முத்திரை வைக்கிறார். கண்ணுக்குத் தெரியாத டிஜிட்டல் முத்திரை. புதிய பதிப்பு வரும்போது ஆண்ட்ராய்டு கைப்பேசி இரண்டு முத்திரைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரே முத்திரை என்றால்தான் பழைய செயலியின் அறைக்குள் விடும். வேறு ஆள் செய்த போலிச் செயலி, அதே பெயரோடு வந்தாலும், உள்ளே விடாது. "நிறுவ முடியவில்லை" என்று சொல்லிவிடும்.

அப்போதுதான் யாராவது யோசனை சொல்வார்கள். "பழையதை நீக்கிவிட்டு இதைப் போடு." கேட்காதீர்கள். நீக்கினால் பதிவும் போகும். காவலும் போகும். வந்தவன் திருடனாகவும் இருக்கலாம்.

இந்தத் திருட்டு இப்போது அதிகம். வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். வங்கிச் செயலியின் புதிய பதிப்பு என்பார்கள். போக்குவரத்து அபராதம் என்பார்கள். 2024-இல் கல்யாணப் பத்திரிகை என்றுகூட அனுப்பினார்கள். அந்தக் கோப்பின் பெயர் ஏ.பி.கே. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் முடியும். அதைத் திறந்து நிறுவினால், நமக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை அது படித்துவிடும். வங்கிக் கணக்கு காலியாகும்.

ஆகவே விதி ஒன்றுதான். புதுப்பிப்பதானால் பிளே ஸ்டோருக்கு நாமே போய்ப் புதுப்பிக்க வேண்டும். யாரோ அனுப்பிய இணைப்பை அழுத்தக் கூடாது. ஏமாந்து பணம் போய்விட்டால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நாடு முழுவதற்கும் அந்த ஒரே எண்தான்.

செயலி செய்பவருக்கும் பொறுப்பு உண்டு

எல்லாப் பொறுப்பும் நம்முடையது அல்ல. செயலியைச் செய்பவருக்கும் பெரிய பொறுப்பு இருக்கிறது. கணினி படித்த உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

பழைய கணக்கு நோட்டில் மூன்று பத்திகள் இருந்தன. பெயர், தேதி, தொகை. புதிய நோட்டில் ஐந்து பத்திகள். கடனும் வட்டியும் சேர்ந்திருக்கின்றன. நோட்டை மாற்றும்போது யாராவது உட்கார்ந்து பழைய கணக்கை வரி வரியாகப் புது நோட்டுக்கு எடுத்தெழுத வேண்டும் அல்லவா?

செயலியிலும் அப்படித்தான். புதிய பதிப்பில் பதிவு வைக்கும் முறை மாறியிருந்தால், பழைய பதிவைப் புதிய முறைக்கு எடுத்தெழுதும் கட்டளையைச் செய்பவர் எழுதித் தர வேண்டும். புதுப்பித்த பிறகு செயலியை முதல் தடவை திறக்கும்போது அந்த வேலை நடக்கும்.

சிலர் இதைச் செய்யாமல் குறுக்கு வழியில் போகிறார்கள். "பழைய நோட்டும் புதிய நோட்டும் பொருந்தாவிட்டால், பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு" என்று கட்டளை எழுதுகிறார்கள். செயலி செய்யும் கருவிகளிலேயே அதற்கு வசதி இருக்கிறது. சோதித்துப் பார்க்கும் காலத்தில் அது பரவாயில்லை. மக்கள் கையில் கொடுத்த செயலியில் அப்படி எழுதுவது பெரும் தவறு. நாம் முறையாகப் புதுப்பித்தாலும் பதிவு போவது பெரும்பாலும் இதனால்தான்.

நல்ல செய்பவர் என்ன செய்வார்? பழைய பதிவு நிறைந்த கைப்பேசியில் புதிய பதிப்பைப் போட்டுப் பார்ப்பார். எல்லோரும் ஒழுங்காக ஒவ்வொரு பதிப்பையும் போடுவதில்லை. முதல் பதிப்பிலிருந்து ஐந்தாம் பதிப்புக்குத் தாவுகிறவர்களும் உண்டு. அவர்கள் பதிவும் பிழைக்கிறதா என்று பார்ப்பார். எடுத்தெழுதி முடியும் வரை பழையதை அழிக்க மாட்டார். நாமே நகல் எடுத்துக்கொள்ள ஒரு பொத்தானும் வைப்பார்.

கணக்குச் செயலி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "என் கணக்கை இதிலிருந்து வெளியே எடுக்க முடியுமா?" முடியாது என்றால் அந்தச் செயலி வேண்டாம்.

எது எங்கே இருக்கிறது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நம் பதிவுகள் எல்லாம் ஒரே இடத்தில் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தொலைபேசி எண்கள். இவை சிம் அட்டையில் இருக்கலாம். கைப்பேசியில் இருக்கலாம். கூகுள் கணக்கில் இருக்கலாம். சிம்மில் இருந்தால் சிம்மோடு போகும். கைப்பேசியில் இருந்தால் கைப்பேசியோடு போகும். கூகுள் கணக்கில் சேமித்தால், வேறு கைப்பேசியில் அதே கணக்கைப் போட்டதும் எல்லா எண்களும் வந்துவிடும். புதிய எண்ணைச் சேமிக்கும்போது எங்கே சேமிக்கிறோம் என்று பாருங்கள்.

வங்கிப் பணம். பணம் வங்கியில் இருக்கிறது. யு.பி.ஐ. செயலி அதற்கு ஒரு வாசல் மட்டுமே. செயலியை நீக்கினாலும் வங்கியில் உள்ள பணம் போகாது. மறுபடி போட்டு, அதே சிம்மிலிருந்து பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் ஒரு விலக்கு உண்டு. 2022-இல் 'யு.பி.ஐ. லைட்' என்று ஒன்று வந்தது. சின்னச் செலவுக்காகக் கொஞ்சம் பணத்தை முன்கூட்டியே எடுத்து அதில் வைத்துக்கொள்கிறோம். மடியில் முடிந்து வைத்த சில்லறை போல. செயலியை நீக்குமுன், அல்லது கைப்பேசியை மாற்றுமுன், லைட் கணக்கை மூடி அந்தப் பணத்தை வங்கிக்குத் திருப்பிவிடுங்கள்.

சான்றிதழ்கள். அரசின் டிஜிலாக்கர் 2015-இல் தொடங்கியது. அதில் வழங்கப்பட்ட ஆவணங்கள் கைப்பேசிக்கு வெளியே பாதுகாப்பாக இருக்கின்றன. செயலி போனாலும், மறுபடி உள்ளே நுழைந்தால் ஆவணம் இருக்கும்.

வாட்ஸ்அப் பேச்சு. இதில்தான் பலரும் இழக்கிறார்கள். வெளியூரில் வேலை செய்யும் மகன் அனுப்பிய குரல் இருக்கிறது. இறந்துபோன கணவரின் குரல்கூட ஒருவர் கைப்பேசியில் இருக்கலாம். அதற்கு விலை உண்டா? இந்தப் பேச்செல்லாம் முதன்மையாக உங்கள் கைப்பேசியில்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாட்ஸ்அப் தினமும் பின்னிரவில் ஒரு நகல் எடுக்கிறது. ஆனால் அந்த நகலும் அதே கைப்பேசிக்குள்தான் இருக்கிறது. கைப்பேசி கிணற்றில் விழுந்தால் இரண்டும் சேர்ந்து போகும். ஆகவே வெளியே ஒரு நகல் வேண்டும்.

அதற்கு வழி இது. வாட்ஸ்அப்பைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்துங்கள். 'செட்டிங்ஸ்' போங்கள். அதில் 'சாட்ஸ்'. அதற்குள் 'சாட் பேக்கப்'. கடைசியாக எப்போது நகல் எடுத்தது என்று அங்கே தேதி இருக்கும். எந்தக் கூகுள் கணக்குக்குப் போகிறது என்றும் இருக்கும். 'பேக்கப்' என்ற பொத்தானை அழுத்தினால் நகல் போகும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு அது ஐகிளவுட் என்ற இடத்துக்குப் போகும்.

திரும்ப எடுக்கும்போது, அதே தொலைபேசி எண்ணும் அதே கூகுள் கணக்கும் வேண்டும். செயலியைப் புதிதாகப் போட்டதும் 'ரீஸ்டோர்' வேண்டுமா என்று கேட்கும். அவசரப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள். அதை அழுத்துங்கள்.

கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. இடம். 2024 முதல் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் நகலும் அந்த இடத்தில்தான் கணக்காகிறது. இடம் நிறைந்தால் நகல் நின்றுவிடும். வீடியோக்களைச் சேர்க்காமல் எழுத்தும் குரலும் படமும் மட்டும் நகலெடுத்தால் இடம் மிச்சமாகும்.

குழுக் கணக்கு. இதற்கு மூன்று நகல் வையுங்கள். ஒன்று செயலியில். இரண்டாவது, மாதம் ஒரு முறை கணக்கை பி.டி.எஃப். கோப்பாக எடுத்து இன்னொரு உறுப்பினரின் கைப்பேசிக்கு அனுப்புங்கள். மூன்றாவது, நோட்டு. ஆம், அதே பழைய நோட்டுத்தான். மாதக் கடைசியில் ஆளுக்கு ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போடுங்கள். நோட்டுக்கு மின்சாரம் வேண்டாம், சிக்னல் வேண்டாம், அப்டேட்டும் வேண்டாம்.

அந்தக் கூகுள் கணக்கு யாருடையது?

"கூகுள் கணக்கில் நகல் இருக்கிறது" என்று சொன்னேன். இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் கைப்பேசியில் உள்ள கூகுள் கணக்கு யாருடையது?

கைப்பேசி வாங்கிய அன்று கடைக்காரப் பையனே ஏதோ ஒரு பெயரில் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருப்பார். கடவுச்சொல்லும் அவரே வைத்திருப்பார். நமக்கு அந்தப் பெயரும் தெரியாது, சொல்லும் தெரியாது. சிலர் கைப்பேசியில் மகனின் கணக்கு இருக்கும். சிலருக்கு மருமகனின் கணக்கு இருக்கும்.

இந்தக் கைப்பேசி உடைந்து புதியது வாங்கினால் என்ன ஆகும்? நகல் பத்திரமாக இருக்கும். ஆனால் திறக்கச் சாவி இருக்காது. நெல் நம்முடையது, களஞ்சியத்தின் சாவி மட்டும் வேறு ஒருவரிடம். பழைய கடன் நோட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எனவே இந்த ஒன்றை மட்டுமாவது இந்த வாரமே செய்யுங்கள். உங்கள் கைப்பேசியில் எந்தக் கூகுள் கணக்கு இருக்கிறது என்று பாருங்கள். செட்டிங்ஸில் 'கூகுள்' என்ற இடத்தில் அது தெரியும். கடவுச்சொல் தெரியாவிட்டால், நம்பிக்கையான ஒருவர் உதவியோடு மாற்றுங்கள். கடவுச்சொல்லை மறந்தால் மீட்பதற்கு ஒரு தொலைபேசி எண் கொடுக்க வேண்டியிருக்கும். அது உங்கள் எண்ணாக இருக்கட்டும். கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி, ரேஷன் அட்டையும் பட்டாவும் வைக்கும் பெட்டியில் வையுங்கள். கைப்பேசி உறையில் வைக்காதீர்கள்.

உதவி கேட்கும்போது

எல்லாவற்றையும் தனியாகச் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உதவி கேளுங்கள். ஆனால் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். "என்ன அழுத்துகிறாய், எதற்கு அழுத்துகிறாய்?" என்று கேளுங்கள். "எதையும் நீக்காதே, தம்பி. நீக்க வேண்டுமானால் முதலில் நகல் எடு" என்று சொல்லுங்கள். சிறு பிள்ளையிடம் கேட்பதில் வெட்கம் எதற்கு? நகல் எடுத்தாயிற்று என்று அவர் சொன்னாலும், தேதியை நீங்களே படித்துப் பாருங்கள். உங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமே!

யு.பி.ஐ. பின் எண்ணை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். செயலியைப் புதுப்பிக்க அந்த எண் தேவையே இல்லை. கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நண்பர்களே, சுருக்கிச் சொல்கிறேன். புதுப்பித்தலுக்குப் பயப்பட வேண்டாம். நீக்குவதற்குப் பயப்படுங்கள். எதைத் தொடுவதற்கு முன்னாலும், "என் பதிவு எங்கே இருக்கிறது? இரண்டாவது நகல் எங்கே? சாவி யாரிடம்?" என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் தெரிந்தால் தைரியமாக அழுத்துங்கள். ஒன்றுக்குத் தெரியாவிட்டாலும் அன்று நிறுத்துங்கள். மறுநாள் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யலாம். பெரும்பாலான செயலிகள் ஒரு நாள் பொறுக்கும்.

இன்று கூட்டம் முடிந்ததும் யாரும் உடனே கிளம்ப வேண்டாம். கைப்பேசி கொண்டுவந்தவர்கள் இருவர் இருவராக உட்காருங்கள். ஒருவர் கைப்பேசியில் மற்றவர் நகல் தேதியைக் கண்டுபிடித்துச் சத்தமாகப் படியுங்கள். பிறகு வீட்டுக்குப் போகலாம்.



பேசிப் பாருங்கள்

1. செயலியைப் புதுப்பிப்பதற்கும் நீக்குவதற்கும் என்ன வித்தியாசம்?

2. உங்கள் குழுவின் கணக்கு எத்தனை இடங்களில் இருக்கிறது? ஒரு கைப்பேசி தொலைந்தால் கணக்கைத் திரும்ப எழுத முடியுமா?

3. உங்கள் கைப்பேசியில் உள்ள கூகுள் கணக்கின் பெயர் என்ன? அதன் கடவுச்சொல் யாருக்குத் தெரியும்?

4. "வங்கிச் செயலியைப் புதுப்பிக்கவும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தால் என்ன செய்வீர்கள்?